பத்தரை மணிச் சாம்பாரும் ஒன்றே முக்கால் மணி இலையும்

அன்புள்ள உரிமையாளர் அவர்களுக்கும், சமையற்கட்டைப் பார்த்துக்கொள்ளும் சரக்கு மாஸ்டர் அவர்களுக்கும், பந்தியைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் அவர்களுக்கும்,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றே முக்கால் மணிக்கு உங்கள் கடையில் நான்கு இலைச் சாப்பாடு சாப்பிட்டோம். கடையின் பெயரையோ தெருவையோ இங்கே எழுதவில்லை. திறந்து சில மாதங்களே ஆன கடை. அதன் பெயரைக் கெடுப்பது எங்கள் நோக்கமில்லை. ஆனாலும் திறந்த மடலாகவே எழுதுகிறோம். சென்னையில் புதிதாக வாழையிலைச் சாப்பாடு போடத் தொடங்கியிருக்கும் வேறு பல கடைகளிலும் இதே குறையைத்தான் பார்க்கிறோம். சமையற்கட்டிலும் பந்தியிலும் வேலை பார்த்தவர்கள் நாங்கள். "நன்றாக இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடாமல், எது ஏன் கெட்டது, எப்படிச் சரிசெய்யலாம் என்பதை அளவோடு எழுதுகிறோம்.

நன்றாக இருந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். உங்கள் காரக்குழம்பு அருமை. சுண்டைக்காய் வற்றல் கருகவில்லை, நல்லெண்ணெய் மேலே பிரிந்து நின்றது, புளிப்பும் உறைப்பும் ஒன்றையொன்று மிஞ்சவில்லை. மாங்காய் ஊறுகாயிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டும் கைதேர்ந்தவர் செய்தவை என்பது முதல் வாயிலேயே தெரிந்தது. மற்றதெல்லாம் ஏன் கெட்டது என்பதற்கான விடையும் இந்த இரண்டிலேயே இருக்கிறது. காரக்குழம்பைக் காலையில் வைத்து மதியம் ஊற்றினால் ருசி கூடும். ஊறுகாய்க்கு நேரம் ஒரு பொருட்டே இல்லை. நேரம் கெடுக்காத இந்த இரண்டும் தப்பித்தன. சோறு, சாம்பார், ரசம், பொரியல், அப்பளம், தயிர் என்று நேரம் கெடுக்கிற ஆறும் கெட்டிருந்தன. எப்போது வடித்த சோறு என்று கேட்டதற்கு, பரிமாறிய தம்பி "பத்தரைக்கே எல்லாம் ரெடி சார்" என்று மறைக்காமல் சொன்னார். அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். உங்கள் மாஸ்டரின் கைப்பக்குவத்தில் பழுதில்லை என்பதை எங்களுக்கு உறுதிப்படுத்தியது அந்தப் பதில்தான்.

உங்கள் கூடத்தில் ஏறக்குறைய 80 பேர் உட்காரலாம். ஒரு பந்தி எழுந்து, மேசை துடைத்து, அடுத்த இலை விழ 45 நிமிடம் ஆகிறது. பன்னிரண்டிலிருந்து மூன்று மணிக்குள் நான்கு பந்தி, அதாவது 320 இலை. இந்த 320 இலைக்கும் காலையில் ஒரே ஈட்டில் சமைத்து இறக்கிவிடுகிறீர்கள். முதல் பந்திக்காரர் ஒன்றரை மணி நேரத்துக்கு முந்திய சாப்பாட்டைச் சாப்பிடுகிறார். கடைசிப் பந்திக்காரர் சாப்பிடுவது நாலு மணி நேரத்துக்கு முந்தியதை. இரண்டு பேரும் கொடுக்கிற பணம் ஒன்றுதான். எங்கள் கோரிக்கை ஒரே ஒன்று: ஒரு பந்திக்கு ஓர் ஈடு. இனி எழுதுவதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

சோற்றிலிருந்து தொடங்குகிறோம். இலையில் அள்ளி வைத்ததும் கரண்டியின் வடிவம் குழையாமல் அப்படியே நின்றது. விரலால் பிரித்தால் மேல்பக்கம் ஈரம், நடுவில் கட்டி, ஓரத்தில் இருந்த பருக்கைகள் மட்டும் காய்ந்து விறைத்திருந்தன. ஆழமான ஹாட்பாக்ஸில் சோற்றை மூன்று மணி நேரம் அடைத்து வைத்தால் இப்படித்தான் ஆகும். சோற்றின் ஆவி மூடியில் முட்டித் தண்ணீராகி மேலேயே சொட்டுகிறது, அதனால் மேல் அடுக்கு நொசநொசக்கிறது. அடியில் இருக்கும் சோறு மேல் பாரத்தில் நசுங்கிக் களியாகிறது. சுவரை ஒட்டிய சோறு சூடு இறங்கி விறைக்கிறது. ஒரே பாத்திரத்தில் மூன்று விதமான சோறு.

80 இலைக்கு 10 கிலோ புழுங்கல் பொன்னி போதும். தாராளமாகக் கேட்கிற ஞாயிற்றுக்கிழமையில் 12 கிலோ. அரிசியைக் கழுவி அரை மணி ஊறவைத்து, நாலரை முதல் ஐந்து பங்கு தண்ணீர் நன்றாகத் தளைக்கும்போது போடுங்கள். இருபது நிமிடத்திலிருந்து பருக்கையை நசுக்கிப் பார்க்கத் தொடங்க வேண்டும். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை நிற்கும்போதே வடித்துவிடுங்கள். முழுக்க வெந்தபின் வடித்தால், தன் சூட்டிலேயே மேலும் வெந்து குழையும். வடித்தபின் மூடி பத்து நிமிடம் விட்டால் அந்த ஊசிமுனையும் போய்விடும். பிறகு ஒரு சாண் ஆழத்துக்கு மிகாத அகலப் பாத்திரங்களுக்கு மாற்றி, சோற்றுக்கும் மூடிக்கும் நடுவே சுத்தமான வெள்ளைத் துணியை விரியுங்கள். ஆவி துணியில் இறங்கும், சோற்றில் சொட்டாது. கல்யாணப் பந்திகளில் பழைய சமையல்காரர்கள் துணி போடாமல் சோற்றை மூடவே மாட்டார்கள்.

அரிசி மூட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தை, மாசி அறுவடைக்குப் பிறகு சந்தையில் புது நெல் அரிசி கலந்து வரும். புது அரிசிக்குத் தண்ணீர் குறைவாகப் பிடிக்கும், வேகமாக வேகும், சீக்கிரம் குழையும். மூட்டையின் மேல் இருக்கும் தேதி பெரும்பாலும் அரைத்துக் கட்டிய தேதி. நெல் அறுத்தது எப்போது என்பதை அது சொல்லாது. ஆகவே ஒவ்வொரு லோடு வந்ததும் 100 கிராம் எடுத்துத் தனியாக வடித்துப் பார்த்து, எத்தனை நிமிடம் என்பதைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிடுங்கள். போன வார நிமிடக் கணக்கை இந்த வார மூட்டைக்குப் பின்பற்றினால் 10 கிலோவும் போகும்.

அடுத்து சாம்பார். இதில் மூன்று குறைகளைக் கண்டோம், மூன்றுக்கும் காரணம் வேறுவேறு.

முதலாவது, பருப்பு மசியவில்லை. குருணை குருணையாக நின்றது. ஆனாலும் நாக்கில் ஒரு சோப்பு வழவழப்பு இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்தத் தண்ணீரில் வேகவைக்கிறீர்கள் என்பதுதான். சென்னையில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் பல இடங்களில் கடினத் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் மேல்பகுதியை இறுக்கிவிடும். எவ்வளவு விசில் விட்டாலும் உள்ளே குழையாது. உடனே ஒரு சிட்டிகை சோடா உப்பைப் போடுவார்கள். பருப்பு கரையும்தான், ஆனால் சோப்பு ருசி வந்துவிடும், பருப்பிலுள்ள பி1 வைட்டமினும் அழியும். பருப்புக்கும் காப்பி டிகாஷனுக்கும் மட்டுமாவது ஆர்.ஓ. தண்ணீரோ குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீரோ பயன்படுத்துங்கள். துவரம்பருப்பை முக்கால் மணி நேரம் ஊறவைத்து, மஞ்சள்தூளும் ஒரு கரண்டி எண்ணெயும் மட்டும் சேர்த்து வேகவைத்தால் சோடாவே வேண்டாம். உப்பும் புளியும் பருப்பு மசிந்த பிறகுதான்.

இரண்டாவது, முருங்கைக்காய் கடினமாக இருந்தது, அதே சாம்பாரில் சின்ன வெங்காயம் கரைந்து காணாமல் போயிருந்தது. காயைப் பச்சையாகப் புளித்தண்ணீரில் போட்டு வேகவைத்திருக்கிறீர்கள். புளிப்பில் காய் மெதுவாகத்தான் வேகும். முருங்கை, முள்ளங்கி, கேரட் மூன்றும் அடம்பிடிக்கும். அதற்காகக் காத்திருந்த நேரத்தில், முன்பே வதக்கிப் போட்ட வெங்காயம் கரைந்துவிட்டது. முருங்கையை வெறும் தண்ணீரில் உப்புப் போட்டு முக்கால் பதம் வேகவைத்து, அதன்பின் புளியை ஊற்றுங்கள். வெங்காயம் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வந்தால் போதும்.

மூன்றாவது குறைதான் பெரிது. சாம்பார் மேலே தண்ணீராகவும் அடியில் கட்டியாகவும் பிரிந்திருந்தது. பத்தரைக்கு இறக்கிய சாம்பார் சூட்டிலேயே நின்று வற்றி இறுகுகிறது. ஒரு மணிக்கு யாரோ வெந்நீரும் உப்பும் ஊற்றித் தளர்த்துகிறார்கள். அந்தத் தண்ணீர் பருப்போடு சேர்ந்து கொதிக்காததால் தனியாகவே நிற்கிறது. பொடி வாசனையும் பெருங்காய வாசனையும் அதற்குள் ஆவியாகிப் போயிருக்கும். அரிசிமாவு கரைத்து ஊற்றிக் கெட்டிப்படுத்துகிற கடைகளில் இது இன்னும் மோசம். மாவு நேரம் ஆக ஆக இறுகிக்கொண்டே போகும். உங்கள் சாம்பாரிலும் மாவு இருந்ததாகவே எங்கள் நாக்கு சொல்லியது. பருப்பு சரியாக மசிந்தால் மாவுக்கு வேலையே இல்லை.

320 இலைக்கு நாலு முறை சாம்பார் வைக்க ஆள் ஏது என்று மாஸ்டர் கேட்பார். நியாயமான கேள்வி. முழுச் சாம்பாரையும் நாலு முறை வைக்க வேண்டியதில்லை. இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மசித்த பருப்பு ஒரு பாத்திரத்தில் சூடாக இருக்கட்டும். புளியும் பொடியும் உப்பும் சேர்த்துப் பச்சை வாசனை போகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கொதித்த புளிச்சாறு இன்னொன்றில் இருக்கட்டும். இந்த இரண்டும் தனித்தனியாக மூன்று மணி நேரம் தாங்கும். ஒவ்வொரு பந்திக்கும் பத்து நிமிடம் முன்னால் முக்கால் பதத்தில் எடுத்து வைத்த காயைப் புளிச்சாற்றில் போட்டு, பருப்பை ஊற்றி, ஐந்து நிமிடம் ஒன்றாகக் கொதிக்கவிட்டு, அப்போதுதான் தாளித்து, கொத்தமல்லி தூவி இறக்குங்கள். பந்திக்குப் பத்து நிமிட வேலைதான். 80 இலைக்கு 16 லிட்டர் வேண்டும். அதற்கு துவரம்பருப்பு 2.4 கிலோ, புளி 400 கிராம், காய் 3 கிலோ, சின்ன வெங்காயம் ஒன்றரை கிலோ, சாம்பார்பொடி 280 கிராம், பெருங்காயம் 12 கிராம். உப்பை 160 கிராமில் தொடங்கி நாக்கில் பார்த்துக் கூட்டுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் மாவும் பிசினும்தான் அதிகம். சூடான எண்ணெயில் பொரிந்தால்தான் மணக்கும், குழம்பின் மேல் தூவினால் வீண்.

ரசத்தைப் பற்றி எழுதும்போது மனசுக்குக் கஷ்டமாகவே இருக்கிறது. இலைச் சாப்பாட்டில் ஒரு மாஸ்டரை அடையாளம் காட்டுவது ரசம்தான். எங்களுக்கு ஊற்றியதில் தக்காளிப் புளிப்பைத் தவிர ஒன்றுமே இல்லை. வெந்நீர்த் தொட்டிக்குள் வைத்த பாத்திரத்தில் மூன்று மணி நேரம் இருந்திருக்கிறது. மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லி, நெய் ஆகியவற்றின் மணமெல்லாம் ஆவியோடு போகிற மணம். ரசத்தைத் தளதளவென்று கொதிக்கவிடாமல், நுரை கட்டி விளிம்புக்கு ஏறும்போதே இறக்க வேண்டும் என்று சொல்வதே அதனால்தான். இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொதித்தாலே குறைந்துபோகிற மணம் மூன்று மணி நேரச் சூட்டில் எப்படி மிஞ்சும்?

80 இலைக்குப் பத்து லிட்டர் ரசம் போதும். நாட்டுத் தக்காளி ஒன்றரை கிலோ, புளி 150 கிராம், 250 கிராம் துவரம்பருப்பு வெந்த பருப்புத் தண்ணீர் 2 லிட்டர், உப்பு 100 கிராம். புளியும் தக்காளியும் பச்சை வாசனை போகக் கொதித்த கரைசலைக் காலையிலேயே முழுதாக வைத்துக்கொள்ளலாம். மிளகு 30 கிராம், சீரகம் 30 கிராம், பூண்டு 70 கிராம் மூன்றையும் பந்திக்குப் பந்தி கொரகொரப்பாக இடியுங்கள். மிக்ஸியில் மையாக அரைத்தால் ரசம் கலங்கிக் கசக்கும். கரைசலை எடுத்து, பருப்புத் தண்ணீர் விளாவி, இடித்ததைப் போட்டு, நுரை ஏறியதும் இறக்கி, நெய்யில் கடுகு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி உடனே மூடிவிடுங்கள். மொத்தம் எட்டு நிமிடம். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கத்துச் சின்ன மெஸ்களில் ரசம் இன்றைக்கும் நன்றாக இருப்பதற்கு ரகசியப் பொடி எதுவும் காரணமில்லை. பெரிய பாத்திரம் வைக்க அங்கே இடமில்லை, அதனால் அடிக்கடி வைக்கிறார்கள்.

பரிமாறுகிற தம்பிக்கும் ஒரு சொல். ரசம் ஊற்றும்போது "தெளிவா, மண்டியோடவா?" என்று கேளுங்கள். தெளிவு கேட்பவருக்கு மேலாக மொள்ளுங்கள், மண்டி கேட்பவருக்கு அடியோடு கலக்கி மொள்ளுங்கள். சாப்பிடுகிறவர் சோற்றில் குழி பறித்த பிறகு, கரண்டியைத் தாழ்த்தி அந்தக் குழிக்குள் ஊற்றுங்கள். உயரத்திலிருந்து ஊற்றியதால் எங்களில் ஒருவர் இலையில் ரசம் நடு நரம்பைத் தாண்டி ஓடி, பொரியலை நனைத்து, மேசையிலிருந்து மடியில் சொட்டியது.

உங்கள் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் ஒரு ஈயச் சொம்பு பார்த்தோம். அதை அடுப்பில் ஏற்றும் எண்ணம் இருந்தால் ஓர் எச்சரிக்கை. ரசத்துக்கான ஈயம் வெள்ளீயம்; அது 232 டிகிரி செல்சியஸிலேயே உருகும். ரசம் இல்லாமல் அடுப்பில் வைத்தால் ஓட்டை விழும். காரீயம் கலந்த சொம்பு உடலுக்கு நஞ்சு. சோதனைச் சான்று இல்லாத சொம்பு அலமாரியிலேயே இருக்கட்டும்.

பீன்ஸ் பொரியல் பச்சை போய்ப் பாசி நிறமாக இருந்தது. மூடி போட்டு வேகவைத்தால் காயிலிருந்து வரும் அமிலம் உள்ளேயே தங்கிப் பச்சை நிறத்தைக் கெடுக்கும்; நீண்ட நேரச் சூடும் அதையேதான் செய்யும். பொடியாக நறுக்கிய பீன்ஸை முதல் மூன்று நிமிடம் மட்டும் மூடி, பிறகு திறந்து வதக்குங்கள். 80 இலைக்கு 5 கிலோ பீன்ஸ் போதும். தேங்காய்த் துருவலை அடுப்பை அணைத்த பிறகுதான் சேர்க்க வேண்டும். சென்னை வெயிலில் துருவிய தேங்காயை வெளியே வைத்தால் மதியத்துக்குள் சிக்குவாடை வந்துவிடும். எங்கள் கூட்டில் அந்த வாடையின் சாயல் இருந்தது. அரைத்த தேங்காயையும் துருவலையும் ஃபிரிட்ஜில் வைத்து, வேண்டிய அளவு மட்டும் வெளியே எடுங்கள்.

அப்பளம் ஒடியவில்லை, வளைந்தது. இரண்டு விரலால் மடித்தால் துணிபோல மடிந்தது. கடலோர ஊரின் ஈரக் காற்றில் பொரித்த அப்பளம் திறந்த கூடையில் அரை மணி கூடத் தாங்காது. பந்திக்கு 90 அப்பளம் எண்ணிப் பொரித்து, காற்றுப் புகாத தகர டின்னில் போட்டு, இலை விழுந்த பிறகே டின்னைத் திறவுங்கள். எண்ணெய் 180, 190 டிகிரிச் சூட்டில் இருந்தால் போட்ட சில நொடிகளில் விரிந்துவிடும். சூடு போதாத எண்ணெயில் மெதுவாக விரிகிற அப்பளம் எண்ணெயையும் குடிக்கும், சீக்கிரமும் நமுத்துப்போகும். பொரித்த எண்ணெயையே மறுபடி மறுபடி காய்ச்சுவதற்கும் வரம்பு இருக்கிறது. எண்ணெய் கெடக் கெட அதில் கூடுகிற மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. அளக்கும் கருவி கடைகளில் கிடைக்கிறது. நுரை அடங்காமல் எழுவதும் நிறம் கறுப்பதும் கருவி இல்லாமலேயே தெரிகிற அடையாளங்கள்.

தயிர் புளித்திருந்தது. முந்தின இரவு உறை ஊற்றி, விடிய விடிய வெளியில் விட்டிருப்பீர்கள். கோடையில் இங்கே ஐந்தாறு மணி நேரத்தில் தயிர் உறைந்துவிடும். அதன்பின் வெளியில் இருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் புளிப்புத்தான். காய்ச்சிய பாலை விரல் பொறுக்கும் சூட்டுக்கு, சுமார் 42 டிகிரிக்கு ஆறவிட்டு, பத்து லிட்டருக்கு 150 மில்லி உறைமோர் கலந்து, காலை ஐந்து மணிக்கு ஊற்றினால் பதினொன்றுக்குக் கெட்டித் தயிர். உறைந்த உடனே ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். கடைசிப் பந்திக்கும் புளிக்காத தயிர் கிடைக்கும்.

பாயசம் பரவாயில்லை. சேமியா இறுகியிருந்தது, ஒரு லிட்டர் சூடான பாலைப் பக்கத்தில் வைத்து, பரிமாறும் முன் விளாவிக்கொண்டால் போதும்.

இலைக்கு வருவோம். கோயம்பேட்டில் தலைவாழை இலை வாங்குகிற கடை நீங்கள், அதற்காக மகிழ்கிறோம். ஆனால் ஓர் இலையை மூன்றாக வெட்டியிருக்கிறீர்கள். எங்களில் இருவருக்கு நுனி இல்லாத ஒரு அடி ஏடுதான் வந்தது. ஆறேழு பதார்த்தமும் சோறும் வைக்க ஒன்றரை அடியாவது வேண்டும். நுனி இலை வந்த இருவருக்கும் நுனி வலப்பக்கம் இருந்தது. நுனி சாப்பிடுகிறவரின் இடக்கைப் பக்கம் வர வேண்டும். அகன்ற பக்கம் வலக்கைக்கு இருந்தால்தான் சோறு பிசைய இடம் கிடைக்கும். இலைக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்திருந்தீர்கள். மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. துடைத்த கிரானைட் மேசைக்கு அது தேவையும் இல்லை.

வாசலில் "அன்லிமிடெட்" என்று பெரிதாக எழுதியிருக்கிறது. உள்ளே ஒரே தம்பி நான்கு கிண்ணம் கோத்த பாத்திரத்தோடு இருபது இலைக்கு ஓடுகிறார். இரண்டாம் முறை கூட்டு கேட்டதற்குப் பதினோரு நிமிடம் ஆனது. அதற்குள் கை காய்ந்துவிட்டது. அவர் சோம்பேறி இல்லை, ஓடிக்கொண்டேதான் இருந்தார். ஒருவரே எல்லாவற்றையும் தூக்குவதால்தான் இந்தத் தாமதம். இருபது இலைக்கு மூன்று பேர் வேண்டும்: சோற்றுக்கு ஒருவர், குழம்பு ரசத்துக்கு ஒருவர், தொடுகறிகளுக்கு ஒருவர். அவரவர் பண்டத்தோடு வரிசையில் போய்க்கொண்டே இருந்தால் யாரும் கூப்பிட வேண்டிய தேவையே வராது. வாளியைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நிறைந்த வாளி கனம், கடைசி இலைக்குப் போவதற்குள் ஆறியும் போகும். சாம்பார், காரக்குழம்பு, ரசம் மூன்றையும் ஒரே நேரத்தில் கிண்ணங்களில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவதும் வேண்டாம். முதல் சோற்றை முடிப்பதற்குள் ரசம் ஆறிவிடுகிறது.

சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் கைப்பையோடு நிற்பது இரு தரப்புக்கும் சங்கடம். பந்திக் கணக்கு வந்துவிட்டால் டோக்கனிலேயே 12.45, 1.30 என்று நேரம் எழுதிக் கொடுக்கலாம். யாரும் கூடத்துக்குள் வந்து நிற்க வேண்டாம்.

பில்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். சாப்பாட்டு விலையில் எங்களுக்கு மனக்குறை இல்லை. ஆனால் கேட்காமலேயே பத்து சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்து, அதற்கும் சேர்த்து 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டிருந்தீர்கள். சேவைக் கட்டணத்தை உணவகங்கள் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை எதிர்த்து உணவகச் சங்கங்கள் தொடுத்த வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தள்ளுபடி செய்தது. கேட்டதும் கல்லாவில் எடுத்துவிட்டார்கள், சண்டை போடவில்லை. ஆனால் கேட்கத் தெரியாதவரிடம் வாங்குவது தவறு. பரிமாறுகிறவர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்க விரும்பினால் இலை விலையிலேயே ஏற்றி, சம்பளமாகக் கொடுங்கள். பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை. 2022 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். அச்சு எந்திரத்தில் ஒரு வரி சேர்க்கிற வேலைதான்.

இனி உங்கள் கணக்கு. இலை விழும் நேரம் 12.00, 12.45, 1.30, 2.15 என்று வைத்துக்கொள்வோம். சோறு வடித்து இறக்க வேண்டிய நேரம் 11.40, 12.25, 1.10, 1.55. அதற்கு உலை ஏற்ற வேண்டியது ஒவ்வொன்றுக்கும் ஐம்பது நிமிடம் முன்பு. கூடுதலாக ஒரு அடுப்பு, 12 கிலோ வடிக்கிற இரண்டு பாத்திரம், மதியம் மூன்று மணி நேரத்துக்கு ஓர் ஆள் வேண்டும். செலவு இவ்வளவுதான். வரவும் இருக்கிறது: ஒரு மணிக்கு வாசலைப் பார்த்துவிட்டு நாலாவது உலையைப் பாதியாக்கலாம், மழை நாளில் ஏற்றாமலே விடலாம். இப்போது 40 கிலோ அரிசியைக் காலையிலேயே வடித்துவிடுவதால் மிஞ்சுவது முழுக்க நஷ்டம். மிஞ்சிய சோற்றைச் சாயங்காலம் எலுமிச்சைச் சாதமாக்குகிற பழக்கம் பல கடைகளில் உண்டு. 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெளியில் கிடந்த சோற்றில் நஞ்சு சுரக்கிற கிருமி வளரும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சோறு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆற்றி 5 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. கூட்டம் குறைவான ஒரு திங்கட்கிழமை ரசத்தில் மட்டும் தொடங்குங்கள். கரைசல் காலையில், இடித்த மிளகு பந்திக்குப் பந்தி, நுரை ஏறியதும் இறக்கிக் கூடத்துக்கு. அது பழகிய பிறகு சோறு, அதன்பின் சாம்பார். ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே ஒன்றே முக்கால் மணிக்கு வருகிறோம். டோக்கன் வாங்கிக்கொண்டு வெளியிலேயே காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் காரக்குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிய நாலு இலைக்காரர்கள்,
சென்னை